விருந்தினர் லிஃப்ட்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, புதிதாக ஒரு ரிசார்ட் திறந்திருக்கிறார்கள். நீச்சல் குளத்தில் நின்றபடியே மலையைக் கும்பிடலாம். உள்ளே மூன்று ரெஸ்டாரண்ட். அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று போன மாதம் என்னை அழைத்தார்கள். சென்னையில் பெரிய ஹோட்டலில் காலமெல்லாம் வேலை பார்த்த ஏழுமலை என்கிற ஆள் அடி அண்ணாமலையில் சும்மாதான் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

போனேன். நாப்கின் மடிப்பது, தட்டு எடுப்பது, ஒயின் ஊற்றுவது எல்லாம் செய்து காட்டினேன். கடைசியில் ஒரு பெண் கையைத் தூக்கி, "சார், உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத நாள் எதுன்னு சொல்லுங்க சார்" என்றாள். ஒரு ஜப்பான்காரர் மேசையில் விட்டுப்போன மூக்குக் கண்ணாடியை விமான நிலையம்வரை ஓடிப்போய்க் கொடுத்த கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். அது நடந்த கதைதான். ஆனால் அவள் கேட்ட நாள் அது இல்லை. ரிசார்ட்டின் மேனேஜர் பக்கத்து நாற்காலியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கும்போது அந்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஹோட்டலின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஒருவேளை சாப்பிட்டதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. நான் அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்து, மேசை துடைத்து, பரிமாறும் ஸ்டீவர்டாகி, ஒன்பதாவது மாடி ரெஸ்டாரண்டில் கேப்டன் ஆனேன். கேப்டன் என்றால் பத்துப் பதினைந்து மேசைகளுக்குப் பொறுப்பு. வருகிறவர்களை உட்கார வைத்து, ஆர்டர் எடுத்து, பையன்களை மேய்ப்பது. எங்கள் வீட்டில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விட்டு வந்தவனுக்கு அது பெரிய உயரம்தான்.

எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர் ரெஸ்டாரண்ட் மேனேஜர் வரதன் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தவன் பக்கத்தில் வந்து, முழங்கையை இரண்டு விரலால் தொடுவார். அவ்வளவுதான். அந்த இரண்டு விரலுக்கு நாங்கள் பட்ட பயம் கொஞ்சமல்ல. கண்ணாடி டம்ளரைக் கொதிநீர் ஆவியில் காட்டி, துணியால் சுழற்றித் துடைத்து, அடித்தண்டைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வார். டம்ளரை மேசையில் வைக்கும்போது சுண்டு விரலை முதலில் மேசையில் ஊன்றி, அதன் மேல் இறக்கச் சொல்வார். சத்தமே வராது. விருந்தினர் தண்ணீர் கேட்டுவிட்டால் அன்றைக்கு நாம் தோற்றோம் என்பார். எது எங்கே உடைந்தாலும் ஒருவனும் தலையைத் திருப்பக்கூடாது. பக்கத்தில் இருப்பவன் நகர்ந்துபோய் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"கெஸ்ட்டோட கண்ணுக்கும் அசிங்கத்துக்கும் நடுவுல நீ நிக்கணும் ஏழுமலை. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்று ஒருமுறை சொன்னார்.

எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. புதிதாக வரும் பையன்களுக்கு நானும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

அதே மாடியின் சமையல்கட்டில் தந்தூர் அடுப்பில் நின்றவர் பாஷா பாய். திருவண்ணாமலை டவுன்காரர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருவருக்கும் ஒரே அறை. லீவு கிடைத்தால் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம். பௌர்ணமி அன்று லீவு கிடைத்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "உன் சாமிக்கு வந்த கூட்டத்துல நான் ஏன்டா நின்னுகினே போவணும்" என்பார். அவர் மனைவி மும்தாஜை நான் அண்ணி முறையில் பாபி என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்குப் போனால் ஒருவேளையாவது அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு இருக்கும்.

சமையல்கட்டுக்கும் ரெஸ்டாரண்டுக்கும் நடுவில் இரண்டு தள்ளு கதவுகள். அந்தப் பக்கம் கால் புதைகிற கம்பளம். இந்தப் பக்கம் ஈரத் தரை, புகை, வசவு. எங்களுக்கென்று பின்னால் ஒரு சர்வீஸ் லிஃப்ட். முன்னால் பித்தளைக் கதவு வைத்த லிஃப்ட் விருந்தினருக்கு. ஊழியர் யாரும் அதில் கால் வைக்கக்கூடாது. பெரிய ஹோட்டல்களில் இது சகஜம். யாரும் இதை அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை. நானும்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். ரெஸ்டாரண்ட் நிரம்பி வழிந்தது. பெரிய மனிதர் ஒருவருக்கு அறுபதாவது பிறந்தநாள். குழந்தை குட்டிகளோடு நடு வரிசை முழுக்க அவர்கள்தான். சர்வீஸ் லிஃப்ட் அந்த வாரம் முழுக்க ஓடவில்லை. ஏதோ பார்ட் வர வேண்டும் என்றார்கள். பொருள் எல்லாம் படிக்கட்டு வழியாகத் தலைச்சுமையாக வந்துகொண்டிருந்தது.

ரொட்டி வரவில்லையே என்று உள்ளே போனேன். பாஷா பாய் அடுப்பை விட்டு விலகி, மாவு மேடையில் சாய்ந்து நின்றார். சட்டை நனைந்திருந்தது. அடுப்படியில் வியர்ப்பது புதிதில்லை. ஆனால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய்?"

"பல்லு வலிக்கிற மாதிரி இருக்குது தம்பி. கையெல்லாம் இழுக்குது" என்றவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். அது கீழே வந்தும் விட்டது. பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நானும் குமார் என்கிற ஸ்டீவர்டும் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினோம். நேராகத் தள்ளு கதவைத் தோளால் திறந்துகொண்டு, சுவரோரமாகப் போய் விருந்தினர் லிஃப்டின் முன்னால் நின்றோம். பட்டனை அழுத்தினேன். அது மேலே வந்துகொண்டிருந்தது.

முழங்கையில் இரண்டு விரல் பட்டது.

"இதுல வேணாம் ஏழுமலை. பின் படிக்கட்டு."

"சார், நெஞ்சு வலி சார்."

"தெரியுது. பார்ட்டியில குழந்தைங்க இருக்காங்க. கீழ லாபியில ஒரு டெலிகேஷன் வந்து இறங்குது. இவரை இந்தக் கோலத்துல அங்க கொண்டுபோக முடியாது."

"சார், ஒன்பது மாடி சார்."

"நிக்காத. நீ பேசற ஒவ்வொரு நிமிஷமும் அவருக்குத்தான் லேட்டாகுது" என்றார். குரல் ஏறவே இல்லை. அக்கறையோடு சொல்கிறவர் மாதிரியே சொன்னார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே யாருமே இல்லை. நான் நாற்காலியை உள்ளே தள்ளப் பார்த்தேன். அவர் ஒரு கையால் லிஃப்ட் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கும் அந்த மேசைகளுக்கும் நடுவில், எங்களை மறைத்துக்கொண்டு, மேசைப் பக்கம் பார்த்துச் சிரித்த முகமாக. செக்யூரிட்டி ஆள் ஒருவன் நாற்காலியைப் பிடித்து எங்களைப் பின்பக்கம் திருப்பினான். கதவு மூடி, லிஃப்ட் காலியாகக் கீழே போனது.

பின் படிக்கட்டு குறுகலானது. வளைவுகளில் நாற்காலி திரும்பாது. ஒவ்வொரு வளைவிலும் அவரை இறக்கி, நாற்காலியைச் சாய்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். எதிரில் காய்கறி மூட்டையோடு ஆட்கள் ஏறி வந்தார்கள். பாஷா பாய்க்கு நினைவு இருந்தது. ஆறாவது மாடியிலோ ஐந்திலோ, "இன்னும் எவ்ளோ தம்பி?" என்று கேட்டார்.

"அவ்ளோதான் பாய். வந்துட்டோம்."

அடுத்த வளைவில் மறுபடியும் கேட்டார். அதற்கடுத்த வளைவில் கேட்கவில்லை. தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. குமார் அழுதுகொண்டே தூக்கினான்.

ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நானும் ஏறப் போனேன். எச்.ஆரிலிருந்து ஓர் ஆள் வந்து, தான் போவதாகவும் வரதன் சார் என்னை மேலே வரச் சொன்னதாகவும் சொன்னான். சட்டையை மாற்றிக்கொண்டு மேலே போனேன். கேக் வெட்டும் நேரம். வரதன் சார் கத்தியை நாப்கினில் சுற்றி என் கையில் கொடுத்தார். அந்தப் பெரிய மனிதருக்கு எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது குமார் கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

கடைசிவரை கூட இருந்த எச்.ஆர். ஆள் சொன்னது ஒன்றுதான். ஆஸ்பத்திரி டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லையாம், ஏன் இவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டாராம்.

உடலோடு ஊருக்கு வந்தேன். பாபியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மறைக்க எனக்குத் தோன்றவில்லை. ஹோட்டலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வரதன் சார் நன்றாகப் பேசினார். பாஷா நம் குடும்பத்தில் ஒருவர் என்றார். அவர் முடித்ததும் நான் எழுந்து, "குடும்பத்துல ஒருத்தர்னா முன்பக்க லிஃப்டுல ஏத்தியிருக்கலாம் சார்" என்றேன். ஹாலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யூனியனில் இருந்த நண்பர்கள்கூடப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த மாதம் என்னைப் பேஸ்மென்டில் இருக்கும் ஸ்டாஃப் கேன்டீனுக்கு மாற்றினார்கள். மன அழுத்தத்தில் இருக்கிறேனாம். எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தேன். அலுமினிய டிரேயில் சோறு போட்டுக்கொண்டு, ஜன்னல் இல்லாத அறையில். ஒன்பதாவது மாடிக்கு மறுபடி போகவே இல்லை. வரதன் சார் படிப்படியாக உயர்ந்து ஜெனரல் மேனேஜர் ஆனார். எதிரில் பார்த்தால், "எப்படி இருக்க ஏழுமலை? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று நின்று விசாரிப்பார். விசாரிக்காமல் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

ரிட்டயர்மென்டின்போது ஒரு சால்வை போட்டார்கள். கூடவே, குடும்பத்தோடு வந்து ஒன்பதாவது மாடி ரெஸ்டாரண்டில் ஒருநாள் சாப்பிட்டுப் போக அழைப்பு. நான் அதை மறந்துவிட நினைத்தேன். என் மனைவி வள்ளி விடவில்லை.

"நீங்க காலம் பூரா கெடந்த எடத்த நான் ஒருவாட்டி பாக்க வேணாமா?" என்றாள்.

அந்த வாரம் டவுனில் பாபியைப் பார்த்தபோது வள்ளி வாய் தவறி இதைச் சொல்லிவிட்டாள். பாபி என்னைப் பார்த்து, "நானும் வரட்டாங்கண்ணா?" என்றார்.

மூவரும் காலை பஸ்ஸில் கிளம்பினோம். வாசலில் மீசைக்காரத் தர்வான் என்னைப் பார்த்துச் சல்யூட் அடித்தார். அடித்துவிட்டு, ஆள் யாரென்று தெரிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். எங்கள் பைகளை ஒருமுறை பார்த்தார்கள். பாபியின் பர்தாவைப் பார்த்ததும் அவர் பையை மட்டும் இன்னொருமுறை பார்த்தார்கள். பாபி தானே பையை அகலத் திறந்து காட்டினார். எனக்குத்தான் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஒன்பதாவது மாடி முழுக்க மாறியிருந்தது. கம்பளத்தை எடுத்துவிட்டு மரத்தரை போட்டிருந்தார்கள். மெனுவைக் கையில் கொண்டுவந்த ஸ்டீவர்டு பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வடகிழக்குப் பக்கத்திலிருந்து வந்தவள். சுத்தமான ஆங்கிலத்தில், மனப்பாடமாக, அன்றைய விசேஷங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். 'பாஷா லெகஸி கபாப்' என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. மெனுவில் பார்த்தேன். அச்சடித்திருந்தது. கீழே சிறிய எழுத்தில் நான்கு வரி. அந்தப் பெண் அந்த நான்கு வரியைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"பாஷான்னுதே, இன்னாங்கண்ணா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று பாபி கேட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வள்ளி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். ஆனால் பாபி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு மாஸ்டர் இருந்தாராம். பாஷான்னு பேராம். கடைசி மூச்சு வரைக்கும் தன் அடுப்பை விட்டு நகரலையாம். அவர் நினைவா இந்தக் கபாபாம்."

பாபி மெனுவை வாங்கி அந்த எழுத்துக்களைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"கடைசி மூச்சு படிக்கட்டுலதானே போச்சு" என்றார்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி நின்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. யார் முன்னால் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறாள். இதை எழுதிக் கொடுத்தவன் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து, எந்த வார்த்தை போட்டால் இன்னும் உருக்கமாக இருக்கும் என்று யோசித்திருப்பான்.

"அதையே கொண்டாரச் சொல்லுங்க" என்றார் பாபி.

வந்தது. கரித்துண்டு வைத்த சின்ன இரும்பு அடுப்பின் மேல் நான்கு துண்டுகள். பாபி ஒன்றை எடுத்து, பொறுமையாக மென்று சாப்பிட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்குது" என்றார். வள்ளியையும் சாப்பிடச் சொன்னார். என்னால் தொட முடியவில்லை.

சாப்பாடு முடிகிற நேரத்தில் வரதன் சார் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. சூட், அதே நடை, அதே குரல். எனக்குக் கை கொடுத்தார். வள்ளியிடம் வணக்கம் சொன்னார். பாபி யார் என்று நான் சொன்னதும் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

"நீங்க வந்தது எங்களுக்குப் பெருமைம்மா. பாஷா பாயை நாங்க மறக்கவே இல்ல. மெனுவுல பார்த்திருப்பீங்க."

"பாத்தேங்க" என்றார் பாபி.

"உங்களுக்கு எது வேணும்னாலும் தயங்காம சொல்லுங்கம்மா."

பாபி எழுந்து நின்றார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாங்க வரும்போது வேற லிஃப்டுல கொண்டாந்து விட்டாங்க, பார்க்கிங் பக்கமா. இதோ இந்தப் பித்தளைக் கதவு போட்டது இருக்குதே. இதுல எறங்கிப் போலாங்களா?"

"தாராளமா. நானே வரேன்" என்று வரதன் சார் முன்னால் நடந்தார்.

அவரே பட்டனை அழுத்தினார். லிஃப்ட் வந்ததும் ஒரு கையால் கதவைத் தடுத்துப் பிடித்து, மறு கையால் எங்களை உள்ளே காட்டினார். நாங்கள் நான்கு பேர். இன்னும் நான்கு பேர் நிற்க இடம் இருந்தது. ஒரு நாற்காலியைத் தாராளமாக வைக்கலாம். மூன்று பக்கமும் கண்ணாடி. மெல்லிய வீணைச் சத்தம். கதவு மூடியது. நான் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வீணையில் ஒரு அடி வாசித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. எதிரில் லாபி. பெரிய பூச்சாடி. அதற்குப் பின்னால் கண்ணாடி வாசல், வெளியே வண்டிகள் நிற்கும் இடம்.

பாபி நகரவில்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

"ஆமாம்மா" என்றார் வரதன் சார். "நல்ல ஸ்பீடு. போன வருஷம்தான் மெஷின் மாத்தினோம்."

பாபி அவரை நிமிர்ந்து பார்த்தார். "முன்னாடி இருந்தது ரொம்ப மெதுவா போவுங்களா சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட மாதிரிதான் இருந்தது. வரதன் சாருக்கு எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கும். விருந்தினரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். லாபியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை.

"உங்களுக்கு வண்டி ஏதாவது சொல்லட்டுமாம்மா?" என்றார் கடைசியில்.

"வேணாங்க. பஸ்ஸுக்குப் போறோம்."

நாங்கள் வெளியே இறங்கியதும் அவர் உள்ளே நின்றபடியே கை கூப்பினார். கதவு மூடிக்கொண்டது. லிஃப்டிலேயே மேலே போய்விட்டார்.

முன்வாசல் வழியாக வெளியே வந்தோம். வெயிலில் கண் கூசியது. வள்ளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாபி அழவில்லை. ரோட்டோரம் ஆட்டோவுக்காக நிற்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, அவரு எப்டிப் போனாருன்னு யாராச்சும் கேட்டா இத்தினி வருஷமா நெஞ்சு வலின்னு சொல்லிகினு இருந்தேன்" என்றார். "இனிமே அப்டிச் சொல்ல மாட்டேன்."